அச்சிட்டோன் பெயர்

கலாசாலைப் பத்திரிகை கையிற் கிடைத்தவுடன் மாணாக்கர் முதற்கண் தேடுவது தம் வகுப்பின் நிழற்படத்தை. ஆசிரியர் தேடுவது தம் கட்டுரையை. பழைய மாணவர் தேடுவது, தம்மோடு பயின்றாருள் இன்னார் மணஞ்செய்துகொண்டார், இன்னார் உயர்பதவி எய்தினார், இன்னார் ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார் என்னுஞ் செய்திகளை. இவற்றுள் எதனையுஞ் சாராததாய், யாவராலும் படிக்கப்படாத வரி ஒன்று அதன் ஈற்றில் உண்டு. இன்ன ஊரில், இன்ன அச்சகத்தில், இன்னாரால் அச்சிடப்பெற்று இன்னாரால் வெளியிடப்பெற்றது என்று மிகச் சிறிய எழுத்தில் அமைந்த வரியே அது. ஒருவரும் படியாத அவ்வரியைக் குறித்தே இவ்வாண்டு யாம் சில சொல்லத் துணிந்தோம்.

அவ்வரி அழகு கருதி வைக்கப்பட்டதன்று. 1867ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற அச்சக, நூற்பதிவுச் சட்டம், இந்நாட்டில் அச்சாகும் புத்தகமும் தாளும் ஒவ்வொன்றிலும் அச்சிட்டோன் பெயரும் அச்சிட்ட இடமும், அது வெளியிடப்படுவதாயின் வெளியிட்டோன் பெயரும் இடமும் தெளிவாகக் காணப்படல் வேண்டுமென விதித்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நிலவிய அச்சட்டத்தை நீக்கிப் பருவ இதழ்களுக்கென 2023ஆம் ஆண்டில் ஒரு புதிய சட்டம் இயற்றப்பெற்று, 2024 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தேர்தற் காலத்தில் தெருத்தோறும் வழங்கப்படும் துண்டுப் பிரசுரத்திற்கும் இதனையொத்த விதி இன்றும் உண்டு. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி, அச்சிட்டோன், வெளியிட்டோன் ஆகிய இருவர் பெயரும் முகவரியும் இல்லாத தேர்தற் பிரசுரத்தை அச்சிடுவோர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒரு சொல்லை ஊரார் கையிற் கொடுப்பவன், ‘இதற்கு யான் பொறுப்பு’ என்று தன் பெயரையும் உடன் கொடுத்தல்வேண்டும் என்பதே இவ்விதிகளின் உட்பொருள்.

சட்டம் பிறப்பதற்கு முன்னரே இவ்வழக்கத்தை நம் முன்னோர் மேற்கொண்டிருந்தனர். தமிழெழுத்து அச்சேறிய வரலாற்றில் கிறிஸ்தவ ஊழியர்க்குள்ள பங்கை நம் மாணாக்கர் ஒருவாறு அறிவர். ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் பாதிரியாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சாயிற்று. 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயருக்கு இலண்டனிலிருந்து 1712இல் ஓர் அச்சுப்பொறி வந்து சேர்ந்தது. 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அங்கு அச்சாயின. அவர்களுடைய மொழிநடையைப் பின்வந்தோர் குறை கூறினர், திருத்தினர், மீண்டும் பெயர்த்தெழுதினர். குறை கூறுவதற்கும் திருத்துவதற்கும் இயன்றது எதனால்? நூல் எவ்வூரில் எவரிடமிருந்து புறப்பட்டதென்று தெரிந்திருந்தமையால் அன்றோ? பெயருள்ள பிழைக்குத் திருத்தம் உண்டு. பெயரில்லாப் பிழைக்கு அது கிடைப்பதரிது.

நிற்க. இன்று நம் மாணாக்கர் நாள்தோறும் படிப்பனவற்றுள் மிகப் பெரும்பகுதி அச்சிட்ட தாளன்று. விடியற்காலையில் விழித்தவுடன் அவர் கை தேடுவது கைப்பேசியை. அதன்கண் வாட்ஸ்அப் குழுக்கள் பல; வகுப்பிற்கொன்று, விடுதிக்கொன்று, சபைக்கொன்று, உறவினர்க்கொன்று, ஐக்கியக் கூட்டத்திற்கொன்று. அவற்றின் வாயிலாக வருஞ் செய்திகளுள் ‘பார்வர்டு’ என்று நம்மவர் வழங்கும் வகை ஒன்றுண்டு. அதற்கு எழுதினோன் பெயர் இல்லை, எழுதிய ஊர் இல்லை, நாள் இல்லை. பலகை மேல் எழுதியதுபோல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டே வருகின்றது. எனினும் அதனை நமக்கு அனுப்பியவர் நம் மாமாவாகவோ, சபையின் மூப்பராகவோ, அறைத்தோழராகவோ இருத்தலின், எழுதினோன் பெயர் இல்லாக் குறையை அனுப்பினோன் முகம் மறைத்துவிடுகின்றது. பெயரற்ற தாள் ஒன்றைத் தெருவிற் கண்டால் ஐயுறும் நாம், அதே தாளை அத்தை அனுப்பினால் மெய்யென்று கொள்ளுகின்றோம்.

இதனால் விளைந்த தீங்கு சிறிதன்று. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் ஊரூராய் வந்திருக்கின்றனர் என்னும் பொய்ச்செய்தி வட தமிழ்நாட்டில் கைப்பேசி வழியே பரவிக்கிடந்த நாட்களில், குலதெய்வக் கோயிலை நாடித் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர்ப் பக்கம் சென்ற ஒரு குடும்பத்தார் வழியிற் கண்ட சிறுவர்க்கு இனிப்புக் கொடுத்தனர். அதனையே குற்றமாகக் கொண்டு ஊரார் திரண்டு அடித்தனர். மூதாட்டி ஒருவர் மாண்டார். அவ்வாண்டு சூலை முதல் நாளில் மராட்டிய மாநிலத்துத் தூளே மாவட்டத்தில் இதே வதந்தியால் ஐவர் அடியுண்டு இறந்தனர். இவற்றின் பின்னரே அந்நிறுவனத்தார், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பு கட்டினர். 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பீகாரிலிருந்து வந்து உழைப்போரைத் தமிழ்நாட்டார் தாக்குகின்றனர் என்று, வேறிடங்களில் வேறு காரணம்பற்றி நிகழ்ந்தவற்றின் காட்சிகள் பரப்பப்பட்டன. அவை பொய்யெனக் காவல்துறையினர் எடுத்துரைத்தனர். பீகார் அரசின் அதிகாரிகள் குழுவும் நேரில் வந்து விசாரித்தது. ஆயினும் அதற்குள் அஞ்சி ஊர் திரும்பியோர் பலர். இந்நிகழ்ச்சிகளில் பொய்யைக் கட்டினோர் மிகச் சிலராகவே இருந்திருப்பர். அதனைச் சுமந்து சென்றோர் நம்மைப்போன்றோரே.

இனி, இது கிறிஸ்தவ விசுவாசத்தோடு எவ்வாறு இயைபுடையது எனின், கூறுவாம். பத்துக் கட்டளைகளுள் பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி கூறலை விலக்குங் கட்டளை ஒன்றுண்டு. சீர்திருத்தச் சபையாருட் பெரும்பாலார் அதனை ஒன்பதாவதென்றும், கத்தோலிக்கரும் லுத்தரரும் எட்டாவதென்றும் எண்ணுவர்; எண்ணில் வேறுபாடன்றிப் பொருளில் வேறுபாடில்லை. சிறுவயதிற் கட்டளைகளை மனப்பாடம் செய்த நம்மிற் பலர், இதனை நீதிமன்றத்துக் கூண்டில் ஏறுவோர்க்கே உரியதென எண்ணி, ‘நாம் கூண்டேறியதில்லை, ஆதலின் இதனை மீறியதுமில்லை’ என்று அமைதியாயிருக்கின்றோம். ஆனால் யாத்திராகமம் இருபத்துமூன்றாம் அதிகாரத்தின் தொடக்கமோ, பொய்யான செய்தியைப் பரப்புதலையுங் கூட்டத்தைப் பின்பற்றித் தீமை செய்தலையும் அடுத்தடுத்து வைத்து விலக்குகின்றது. பொய் கூறுதலும் பொய்யைச் சுமத்தலும் அங்கே வேறாக எண்ணப்படவில்லை.

நாபோத்தின் சரித்திரத்தை நினைவுகூர்மின். ஆகாப் மன்னன் விரும்பிய திராட்சத்தோட்டத்தை நாபோத் கொடுக்க மறுத்தான். அரசி யேசபேல் மன்னன் பெயரால் நிருபங்கள் எழுதி, அவன் முத்திரையைப் பொறித்து, நாபோத்தின் பட்டணத்து மூப்பர்க்கும் பெருமக்களுக்கும் அனுப்பினாள். பொய்ச்சான்று கூற இருவர் நிறுத்தப்பட்டனர். நாபோத் கல்லெறியுண்டு மாண்டான். இக்கதையைப் பிரசங்கிக்குந்தோறும் யேசபேலையும் ஆகாபையும் பழித்து நிறுத்திவிடுகின்றோம். ஆனால் அம்மூப்பர் யாவர்? நாபோத்தின் ஊரார், அவனை நாள்தோறும் கண்டு பழகினோர். நிருபம் வந்தது, நிருபத்தில் உள்ளவாறு செய்தனர். ‘இது மெய்யோ?’ என்று ஒருவனும் நாபோத்தின் வீட்டுக் கதவைத் தட்டியதாக வேதத்திற் காணோம். ‘யாம் எழுதவில்லை, வந்ததைச் செய்தோம்’ என்று அவர்கள் கூறியிருக்கலாம். ‘நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்று நாம் கூறுவதும் அதுவே.

பிறரைக் குறைகூறுவதற்கு முன் எமது குற்றத்தை அறிக்கையிடுதல் முறையாகும். சில ஆண்டுகளின் முன், மாணாக்கர் ஐக்கியக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவை நடத்தும் பொறுப்பு எம்மிடம் இருந்தது. விடுதிக்கு அணித்தாய்த் தள்ளுவண்டியில் தர்ப்பூசணி விற்றுவந்த முதியவர் ஒருவர் இருந்தார். கோடை ஒன்றில், பழத்தினுட் செந்நிறச் சாயம் ஏற்றப்படுகின்றதென்று ஒரு செய்தி, நிழற்படத்தோடு எமக்கு வந்தது. படத்தில் ஒரு வண்டியும், முகந் தெரியாத ஓர் ஆளும் இருந்தனர். கீழே எம் கலாசாலை வாயிலை ஒருவர் குறிப்பிட்டிருந்தார். மாணாக்கர் நலங் கருதி, ‘பிள்ளைகள் எச்சரிக்கையாயிருக்கவேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்து, அதனை யாம் குழுவிலிட்டோம். அதற்கு எமக்கு ஒரு நிமிடமும் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் அவ்வண்டியின் அருகில் ஒருவரும் இல்லை. நான்காம் நாள் வண்டியே இல்லை. பின்னர் ஒரு மாணவன், அப்படம் வேறோர் ஊரில் முந்திய ஆண்டில் எடுக்கப்பட்டதென்றும், அவ்வண்டி நம் வாயிலிற் கண்ட வண்டியன்றென்றும் எமக்குக் காட்டினான். யாம் வெட்கி, இருப்புப்பாதையை ஒட்டிய தெருவில் அம்முதியவர் வீட்டைத் தேடிச் சென்றோம். விற்காத பழங்கள் திண்ணையோரத்தில் அழுகிக் கிடந்தன. யாம் வந்த காரணத்தைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. “ஐயா, பத்து வருஷமாய் உங்கள் பிள்ளைகளுக்குப் பழம் அறுத்துக் கொடுத்தேன். ஒருவராவது வந்து, ‘பெரியவரே, இது மெய்தானா?’ என்று என்னைக் கேட்டிருக்கலாகாதா?” என்றார். அதற்கு விடை எம்மிடம் இல்லை. அவருடைய வண்டி எம் மேசையிலிருந்து இருநூறு அடி தூரத்தில் நின்றிருந்தது. அதுவரை நடவாத கால்களையுடைய யாம், அறியாத ஊர்கட்கெல்லாம் அப்பொய்யை ஒரு விரலால் அனுப்பினோம். மறுப்பையும் குழுவிலிட்டோம், ஆனால் முன்னதை வேறு குழுக்களுக்கு அனுப்பினோர், பின்னதையும் அனுப்பினர் என்று சொல்லுவதற்கில்லை. முதியவர் மறுபடி வியாபாரந் தொடங்கினார். ஆயினும் எம் வாயிலுக்கு வரவில்லை.

இவ்விடத்து எழக்கூடிய ஆட்சேபங்கள் சில. முதலாவது, ‘அன்பினாலேயே அனுப்புகின்றோம், மெய்யாயிருந்தால் ஒருவர் உயிர் தப்புமே, பொய்யாயிருந்தால் நட்டமென்ன?’ என்பது. நட்டம் அனுப்புவோர்க்கு இல்லை என்பது மெய்யே. அது முழுவதும் செய்தியிற் குறிக்கப்பட்டவன் தலையில் விழுகின்றது. பிறன் பொருளைக் கொண்டு தருமம் செய்தல் தருமமாகாதவாறு, பிறன் நற்பெயரைச் செலவிட்டுக் காட்டும் அன்பும் அன்பாகாது.

இரண்டாவது, ‘இதனைத் தடுப்பது அரசின் கடமை, நம்முடையதன்று’ என்பது. இதற்குச் சற்று விரிவாக விடை கூறல்வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, மின்வழியே ‘மனத்தைப் புண்படுத்தும்’ செய்தி அனுப்புவோரைத் தண்டிக்க இடந்தந்தது. எது புண்படுத்துவதென்று வரையறுக்கப்படாமையின், ஆள்வோரைக் குறைகூறினோர் மீதெல்லாம் அது பாய்ந்தது. 2015 மார்ச்சு 24ஆம் நாளில் உச்சநீதிமன்றம் அப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானதெனத் தள்ளியது. அத்தீர்ப்பை யாம் முழுமனத்தோடு வரவேற்கின்றோம். மெய்யிது, பொய்யிது என்று ஆராயும் அதிகாரம் முழுவதையும் ஆள்வோர் கையிற் கொடுப்பின், அவர்க்கு உவப்பானதே மெய்யாகிவிடும். 1644ஆம் ஆண்டில் மில்டன் கவி, அரசினர் உரிமம் பெற்றே நூல் அச்சிடல்வேண்டும் என்னும் விதியை எதிர்த்து ‘அரியோபஜித்திக்கா’ என்னும் உரையை வெளியிட்டார். அவரும் அச்சிட்டோன் பெயர் பதிவுசெய்யப்படவேண்டும் என்னும் முந்திய விதியை எதிர்க்கவில்லை. அவ்வுரையின் முகப்பில் தம் பெயரையும் மறைக்கவில்லை. முன்தணிக்கை வேண்டா, பொறுப்பு வேண்டும் என்பதே அவர் நிலை. அரசின் கை நீங்கிய இடத்தில் நம் மனச்சாட்சி நிற்றல் வேண்டும். அது நில்லாதாயின், ‘சுதந்தரம் இவர்க்கு ஆகாது’ என்று சொல்லி அரசின் கை மீண்டும் வரும். ஆதலின் பொய்யைச் சுமப்போர் பிறன் பெயரை மட்டுமன்று, எல்லார் உரிமையையும் பணயம் வைக்கின்றனர்.

மூன்றாவது, ‘குற்றம் பொறியினுடையது, நம்முடையதன்று’ என்பது. அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தார் மூவர், 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் உலாவிய சுமார் 1,26,000 செய்தித் தொடர்களை ஆராய்ந்து, 2018இல் தம் முடிபுகளை வெளியிட்டனர். பொய்ச்செய்தி மெய்ச்செய்தியினும் விரைவாகவும் தொலைவாகவும் சென்றது. அது பிறர்க்கு அனுப்பப்படும் வாய்ப்பு மெய்யினும் நூற்றுக்கு எழுபது பங்கு மிகுதியாயிருந்தது. தாமே இயங்கும் பொய்க்கணக்குகளை நீக்கி எண்ணியபோதும் முடிபு மாறவில்லை. பொய்யை விரைந்து பரப்பினோர் மனிதரே. அதன் புதுமை நமக்கு இனித்தது, அவ்வளவே. நாவானது சிறிய உறுப்பாயினும் பெருங்காட்டைக் கொளுத்தும் நெருப்பென்று யாக்கோபு உரைத்தபோது கைப்பேசி இருந்ததில்லை. நெருப்பு மூட்டும் மனம் இருந்தது. வள்ளுவரும் புறங்கூறாமைக்கு ஓரதிகாரமும், வாய்மைக்கு ஓரதிகாரமும் வகுத்து, பிறர்க்குத் தீங்கு பயவாமையே வாய்மையின் இலக்கணம் எனக் காட்டியது இதுபற்றியே. இந்நோய்க்கு மதபேதமில்லை.

மதபேதமில்லை என்றோமாயினும், நம் சபைகளில் இந்நோய் கொள்ளும் தனி உருவம் ஒன்றுண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. அது ‘ஜெபக் குறிப்பு’ என்னும் போர்வை. இந்தியாவில் ஒரே இரவில் இருபது ஆலயங்கள் கொளுத்தப்பட்டன, ‘ஒலிசபாங்’ என்னும் மாகாணத்தில் மேலும் இருநூறு ஆலயங்கள் அழிக்கப்படவிருக்கின்றன, உடனே ஜெபிக்க என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாக உலகெங்கும் சுற்றிவருகின்றது. பௌத்தரே அதனைச் செய்தனர் என்றும் அது கூறும். இந்தியாவில் அப்பெயருடைய மாகாணம் ஒன்றுமில்லை. இந்நாட்டிலேயே பிறந்து, புவியியலிலும் தேர்ச்சி பெற்றோர், அதனை ‘ஆமென்’ சேர்த்து அனுப்பக் கண்டோம். வேற்றுச் சமயத்தார் மீது செய்யாத கொடுமையைச் சுமத்துவது, ஜெபமாகிய பெயரால் செய்யப்படினும் பொய்ச்சான்றே. மெய்யாகவே துன்புறும் சபைகள் இந்நாட்டிலும் பிறநாட்டிலும் உண்டு. பொய்க்கூக்குரல் மிகுந்தால் அவர்களுடைய மெய்க்கூக்குரலை யார் கேட்பார்?

இன்னும், நோயுற்றோர் பெயர், நோயின் பெயர், மருத்துவர் கூறியது, குடும்பத்திலுள்ள பிணக்கு ஆகிய எல்லாவற்றையும் விரித்து, ‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று முடிக்குஞ் செய்திகள் உள. இவை மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் அந்நோயாளி இசைந்தாரா? இருநூறு பேர் தம் நோயை அறிவதை அவர் விரும்பினாரா? இறைவன் எல்லாம் அறிந்தவராதலின் அவருக்கு விவரம் வேண்டுவதில்லை. விவரத்தை விரும்புவோர் நாமே. புறங்கூறுதல் முழந்தாளிற் படியிட்டால் ஜெபமாகிவிடாது.

இவற்றாற் கைப்பேசியை எறிந்துவிடுதல் நன்றென்று யாம் சொல்லுகின்றோமில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நிலவிய காலத்தில், ஏப்ரல் 12ஆம் நாள் வந்த உயிர்த்தெழுந்த திருநாளில் ஆலயக் கதவுகள் சாத்தியிருந்தன. அன்று நம்மிற் பலர் குருவானவர் முகத்தைக் கண்டதும் குரலைக் கேட்டதும் அக்கருவியினாலேயே. தனித்திருந்த முதியோர்க்கு மருந்தும் அரிசியும் சேர்ப்பித்த இளைஞர் குழுக்களும் அதன் வழியே கூடின. அச்சுப்பொறி சுவிசேஷத்தையும் அச்சிட்டது, அவதூற்றையும் அச்சிட்டது; அதுபற்றி அச்சுப்பொறியை எவரும் கடலில் எறியவில்லை. அதன் ஈற்றில் ஒரு வரி சேர்த்தனர். நாமும் அதனையே செய்தல் வேண்டும்.

எவ்வாறெனின், யாம் எமக்கென வகுத்துக்கொண்ட ஒழுங்கை இங்கே கூறுகின்றோம். ஒன்று: எச்செய்தியையும் வந்தவாறே அனுப்புவதில்லை. அனுப்பத்தக்கதாயின், ‘இதனை யான் இன்னாரிடம் அறிந்தேன், இவ்வாறு விசாரித்தேன்’ என்று எம் சொல்லால் எழுதி எம் பெயரிட்டே அனுப்புவோம். கலாசாலை விளம்பரப் பலகையில் எம் கையொப்பத்தோடு ஒட்டத் துணியாத ஒன்றைக் கைப்பேசியிலும் இடோம். இரண்டு: செய்தி ஒருவரைக் குறித்ததாயின், கூடுமானால் அவரையே கேட்போம். லூக்கா தம் சுவிசேஷத்தின் முகவுரையில், கண்ணாரக் கண்டோரிடமிருந்து வந்தவற்றை ஆதிமுதல் திட்டமாய் விசாரித்தே எழுதப் புகுந்ததாகக் கூறுகின்றார். பெரோயா பட்டணத்தார், பவுல் அப்போஸ்தலர் உரைத்ததையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு நாடோறும் ஆராய்ந்தமைபற்றி நற்குணசாலிகள் எனப் பெயர்பெற்றனர். அப்போஸ்தலர் சொல்லையே ஆராய்தல் நற்குணமாயின், பெயரற்றான் சொல்லை ஆராய்தல் அவநம்பிக்கையாகுமா? மூன்று: பிழை செய்த இடத்திலேயே பிழையை ஒப்புக்கொள்வோம், செய்தியை அழித்துவிட்டு மௌனமாயிருத்தல் திருத்தமன்று. நான்கு: பிறர் நோயையும் துயரையும் குறித்து அவர் இசைவின்றிக் குழுவில் எழுதோம்.

இவ்வொழுங்கு இனி மேலும் இன்றியமையாததாகும். செயற்கை நுண்ணறிவென்னுங் கலையினால், பேசாதவர் பேசியதாகவும் செய்யாதவர் செய்ததாகவும் குரலையும் முகத்தையும் ஆக்கிக்காட்டுதல் இன்று எளிதாயிற்று. ‘கண்ணாற் கண்டேன், காதாற் கேட்டேன்’ என்பதுந் திரையளவில் சான்றாகாத காலம் வந்துவிட்டது. இத்தகைய காலத்தில் ஒரு செய்தியை மெய்யென்று கொள்ளுதற்கு எஞ்சியிருக்கும் ஆதாரம், அதனைச் சொல்லுகின்றவன் யார், அவன் இதற்குமுன் மெய் பேசினவனா என்பதே. சாட்சி என்னுஞ் சொல் நம் சமயத்தில் மிகப் பெரிய சொல். உயிர்த்தெழுந்த கிறிஸ்துவுக்குச் சாட்சிகளாயிருக்க அழைக்கப்பட்டோம் என்று நாம் பிரசங்கிக்கின்றோம். தர்ப்பூசணிப் பழத்தைப்பற்றி ஊராரிடம் பொய்ச்சான்று சொன்ன வாய், கல்லறை வெறுமையாயிற்று என்று சொல்லும்போது அதனை ஊரார் ஏன் நம்பவேண்டும்? இக்கேள்வியே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

அன்பர்களே, இப்பத்திரிகையின் கடைசிப் பக்கத்தை ஒருமுறை புரட்டுமின். அச்சிட்டோர் பெயர் அங்கே இருக்கும். இதன்கண் யாதேனும் பிழை காணின், யாரைக் கேட்கவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் விரலால் உலகிற்குட் செல்லும் ஒவ்வொரு சொல்லின் கீழும் அத்தகைய வரி ஒன்று, கண்ணுக்குப் புலனாகாவிடினும், எழுதப்பட்டே இருக்கின்றது; அதனைப் படிக்கின்றவர் ஒருவர் உண்டு. அவர் முன் நாணாது நிற்கும் வாய்மையை நமக்கும் நம் கலாசாலைக்கும் அவரே அருள்வாராக.